நகைப் பட்டியலில் கையெழுத்து வாங்காமல் கழுத்தை நீட்டாதீர்கள்

ஓய்வுபெற்ற டீச்சர்:
வரன் பார்க்கும் பெண்களுக்கு, 66 வயதுக்காரி சொல்கிறேன். எனக்குப் போட்ட 40 பவுன் மனை வாங்க அடகுக்குப் போனது. பத்திரம் அவர் பெயரில். என்னிடம் மிஞ்சியது மூக்குத்தி. சம்பளக் கணக்கு, லாக்கர் சாவி இரண்டும் உங்கள் கையில் இருக்கட்டும். போடுகிற நகைக்குப் பட்டியல் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். முடியாது என்கிற வீட்டுக்குப் போகாதீர்கள். கல்யாணமே பண்ணாமல் இருந்தாலும் குடி முழுகிவிடாது.

கொங்குத்தம்பி:
தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கையெழுத்து வாங்கிக்கொண்டு கட்டுவது தாலியா, வாடகை ஒப்பந்தமா? என் அக்கா நகையை அடகு வைத்துத்தான் மாமா தறி போட்டார். இன்றைக்குக் குடும்பமே அதில்தான் சாப்பிடுகிறது.

ஓய்வுபெற்ற டீச்சர்:
தறி யார் பெயரில் தம்பி?

கொங்குத்தம்பி:
மாமா பெயரில்தான். அதிலென்ன?

கோர்ட்வாசல்:
தம்பி, அந்தப் பட்டியலைச் சட்டமே கேட்கிறது. வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985-ல் விதி போட்டார்கள். என்ன பொருள், தோராய மதிப்பு, கொடுத்தவர் யார், என்ன உறவு என்று எழுதி மணமக்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும். அதே வருடம் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொன்னது: சீதனம் மனைவியுடையது, புகுந்த வீட்டுக்கு வந்ததால் பொதுச் சொத்தாகிவிடாது. மொய் நோட்டில் 51 ரூபாய் வைத்தவர் பெயரைக்கூட விடுவதில்லை நாம். நகைக்கு எழுதினால் மட்டும் கௌரவக் குறைச்சல்! அப்புறம் வழக்கென்று வந்தால் கல்யாண ஆல்பத்தைப் பெரிதாக்கி, ஆரம் எத்தனை பவுன் இருக்கும் என்று கணக்குப் போடுகிற கூத்து நடக்கும்.

இரண்டு பிள்ளைக்காரி:
பட்டியல் சரி. "கல்யாணமே பண்ணாமல்" என்பதுதான் இடிக்கிறது. டீச்சரம்மாவுக்குப் பென்ஷன் வருகிறது. தனியார் வேலையில் இருக்கும் பெண்ணுக்கு ஐம்பது வயதுக்கு மேல் யார் தருவார்கள்? தனியாக ஒரு பெண் சென்னையில் வாடகைக்கு வீடு கேட்டுப் பார்க்கட்டும். "ஏன் இன்னும் ஆகல?" என்று கேட்ட பிறகுதான் வாடகையே சொல்வார்கள்.

ஓய்வுபெற்ற டீச்சர்:
பென்ஷன் இல்லாதவள்தானம்மா நகையை விடவே கூடாது.

காலேஜ் பொண்ணு:
அரசே "தாலிக்குத் தங்கம்" கொடுத்த திட்டத்தை 2022-ல் மாற்றி, அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரி முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் ஆக்கிவிட்டது. எங்கள் அக்காவுக்குத் தங்கம் கிடைத்தது. இப்போது அது அடகுக்கடையில். எனக்கு ஆயிரம் வருகிறது, அது என் கணக்கில்.

கொங்குத்தம்பி:
தறியைப் பற்றி அக்காவிடமே கேட்டுவிட்டேன். "என் பேர்ல இருந்தா கரண்ட் பில்லுக்கும் நான்தான் ஓடணும், எனக்கெதுக்குடா" என்று சிரிக்கிறாள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

காலேஜ் பொண்ணு:
சரிங்கண்ணா. அடகு வைத்த நகையை மீட்டாச்சா?