ஸ்ட்ராபெர்ரிச் செடிகள் அழுகியது குறித்து – புதுப்பிப்பு
தொட்டியில் வைத்த ஆறு ஸ்ட்ராபெர்ரி நாற்றுகளில் நான்கு குருத்தழுகிச் சாய்ந்துவிட்டதாக முன்பு எழுதியிருந்தேன். காரணம் என் கைதான். இலைகள் கிளம்பும் குருத்துப் பகுதியை மண்ணுக்குள் புதைத்து நட்டிருந்ததால், ஊற்றிய நீரெல்லாம் அங்கேயே தேங்கியிருக்கிறது. எஞ்சிய இரண்டையும் பெயர்த்து, குருத்து மண்மட்டத்தில் வெளியே தெரியும்படி நட்ட பின், மூன்றாம் வாரத்தில் புதுத்தளிர் வந்தது. படர்ந்த ஓடுகொடிகளில் (செடியிலிருந்து நீண்டு, வேர்விட்டுப் புதுச்செடியாகும் தண்டுகள்) ஒன்றை மட்டும் பக்கத்துத் தொட்டியில் வேர்விட வைத்து, மற்றவற்றைக் கிள்ளிவிட்டேன்.

பூத்து ஏறக்குறைய 30 நாளில் முதல் பழம் சிவந்தது. ஆனால் ஒரு பக்கம் ஒடுங்கி, அங்கே மட்டும் விதைகள் பொடிப்பொடியாக நெருங்கிக் கிடந்தன. மகரந்தம் சேராத விதையைச் சுற்றிச் சதை திரளாது என்பதால், இப்போது காலையில் மெல்லிய தூரிகையால் பூவின் நடுவே வட்டமாகத் தடவுகிறேன். அடுத்த இரண்டு பழங்கள் முழுவடிவில் திரண்டன. அவற்றில் ஒன்று அணிலுக்குப் போயிற்று.