மறு: கண்டிஷன் ஃபேக்டருக்கு "கொழுமை எண்" சரியா வருமா?

> 'நிலைக் காரணி' வேண்டாம் என்றால் 'கொழுமை எண்' என்றே வைத்துக்கொள்வோமே. மீன் வளர்க்கிறவருக்கும் புரியும்.

ஐயா, மீன் தன் நீளத்துக்கு எவ்வளவு பருத்திருக்குன்னு காட்டற கண்டிஷன் ஃபேக்டருக்கு வச்சிருந்த நிலைக் காரணியைத் தூக்கிப் போட்டதுக்கு முதல்ல ஒரு கும்பிடு. அதைக் கேட்டா ஏதோ மீன் ஆடாம நிக்கறதுக்குக் காரணம் மாதிரி இருக்கு. ஆனா கொழுமை எண்லயும் எனக்கு இடிக்குது.

கணக்கைப் பாருங்க. கிராம்ல எடை, அதை 100-ஆல பெருக்கி, செ.மீ.ல இருக்கற நீளத்தோட கனத்தால (நீளம் × நீளம் × நீளம்) வகுக்கறோம், அவ்ளோதான். 20 செ.மீ.ல 100 கிராம் இருந்த கொடுவா (நம்ம சாந்தோம் பக்கத்து சிபா, அதாவது உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க, 1997-ல வளர்ப்புல முட்டையிட வச்ச மீனாச்சே, அதையே எடுத்துக்கறேன்) உருவம் மாறாம 40 செ.மீ. வந்தா எடை 8 மடங்கு, 800 கிராம், ரெண்டு தடவையும் எண் 1.25. அதே 40 செ.மீ.க்கு 1 கிலோ நின்னா 1.56. சரி, நீளத்துக்கு மேல பருத்திருக்கு. எதால பருத்துச்சு? கொழுப்பா, சதையா, வயித்துல சினையா, இல்ல காலைல போட்ட தீவனம் இன்னும் செரிக்கலையா, எதையும் இந்த எண் சொல்லாது.

உள்ள நடக்கறது வேற கதை. மீன் வளர வளர பொதுவா கொழுப்பு ஏறும் தண்ணி இறங்கும், ரெண்டும் சேர்ந்து உடம்புல கிட்டத்தட்ட 80 சதவீதத்துலயே நிக்கும், புரதம் அவ்வளவா அசையாது. தண்ணி போன இடத்துல கொழுப்பு வந்து உக்காந்தா தராசுக்கு என்ன தெரியும்? அதனால ஒரே எண் வர்ற ரெண்டு மீன்ல ஒண்ணு நெய்யா இருக்கலாம், இன்னொண்ணு வெறும் தண்ணிச் சதையா இருக்கலாம். கொழுமைங்கற வார்த்தையை இங்க செலவு பண்ணிட்டா அப்புறம் லேப்ல பிரிச்செடுக்கற நிஜக் கொழுப்பு அளவுக்கு எங்க போறது?

என் ஓட்டு "திரட்சி எண்". மாங்கா நல்லா திரட்சியா இருக்குன்னு சொல்றோம்ல, அதே திரட்சி. உருவத்தை மட்டும்தான் பேசுது, உள்ள என்னன்னு வாக்கு குடுக்கல. தீனி பத்தாம தலை பெருசா உடம்பு குச்சியா இருக்கற கட்லாவ சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்ல ஒரு அக்கா தூக்கிப் பாத்துட்டு திருப்பி வச்சாங்க பாருங்க, அவங்க கண்ணுல ஓடினது இந்தக் கணக்குதான். வெண்ணெய் திரள்றது ஞாபகம் வருதேன்னு யாராவது கேப்பீங்க, வரட்டும், அதனால என்ன.

அலோமெட்ரிக்கு, அதாவது வளர வளர உடம்போட விகிதம் மாறறதுக்கு, வந்த "ஒவ்வா வளர்ச்சி" மட்டும் வேணவே வேணாம், மீனுக்கு அலர்ஜின்னு நினைச்சுப்பாங்க. (அலர்ஜியும் அதே கிரேக்க 'அலோஸ்'லருந்து வந்ததுதான், இருந்தாலும்.) எடை நீளத்தோட எத்தனாவது அடுக்கா ஏறுதுன்னு பாத்து, அந்த அடுக்கு 3-ஆ இருந்தா "விகிதம் மாறா வளர்ச்சி", இல்லாட்டி "விகிதம் மாறு வளர்ச்சி". கொஞ்சம் நீளம்தான், ஆனா படிச்சவுடனே புரியும்.

பேரோட கடைசில "எண்"ணா "குறியீடா"ங்கறதுல மட்டும் எனக்குப் பிடிவாதம் இல்ல, நீங்க சொல்லுங்க ஐயா.