துபாய் லேப்டாப்பும் பையனின் ஐடி கார்டும்

ஹஸ்தம்பட்டிக்காரர்:

எங்கள் வீட்டில் இரண்டு லேப்டாப். ஒன்று துபாயிலிருந்து வந்தது, இன்னொன்று மாணவர் சலுகையில் இங்கேயே வாங்கியது. இரண்டுக்கும் பணம் கட்டியவன் நான்.

2022-ல் மகள் சேலம் கருப்பூரில் இன்ஜினியரிங் சேர்ந்தாள். துபாயில் இருக்கும் அக்கா பையன் போனில், "மாமா, அங்கே ஜிஎஸ்டி 18 சதவீதம், இங்கே வாட் வெறும் 5. எதுக்கு அங்கே போய்க் கொடுக்கறீங்க? நானே வரும்போது வாங்கிட்டு வர்றேன்" என்றான். ஐந்து ரோட்டுக் கடையில் சொன்ன விலைக்கும் அவன் சொன்னதற்கும் 9,000 ரூபாய் வித்தியாசம். சரி என்றுவிட்டேன்.

18 வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பைச் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம். ஆனால் அவன் கையில் ஆபீஸ் லேப்டாப் வேறு இருந்தது. புதியதும் பழசு மாதிரியே தெரியட்டும் என்று அட்டைப்பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு வந்தான். கோவை ஏர்போர்ட்டில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பில் அந்தப் பெட்டிக்குள் இருந்தது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

கீபோர்டில் ஆங்கில எழுத்துக்குப் பக்கத்திலேயே அரபி எழுத்து. அது இரண்டு நாளில் பழகிவிட்டது. சார்ஜர் பிளக்தான் பழகவே இல்லை. மூன்று பட்டைக் கால். நம் சுவிட்ச் போர்டில் ஏறாது. கன்வெர்ட்டர் வாங்கி மாட்டினால் பாரத்தில் தொங்கும், தொட்டால் பொறி பறக்கும். ஸ்டூல் மேல் ஜாமெட்ரி பாக்ஸை வைத்து அதற்கு முட்டுக்கொடுத்துத்தான் மகள் நான்கு செமஸ்டர் ஓட்டினாள்.

ஏழாம் மாதம் திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு விழுந்தது. சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன். அந்தத் தம்பி கவிழ்த்துப் போட்டு சீரியல் நம்பரை அடித்துப் பார்த்தார். "சார், இது வெளிநாட்டு பீஸ். வாரண்டி வாங்கின நாட்டுல மட்டும்தான்." பில்லைக்கூடக் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் என்னிடம் இல்லை. திரை மாற்ற 14,500 ரூபாய். அக்கா பையனிடம் இதை இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் அக்கா வருத்தப்படுவாள்.

2025-ல் மகனுக்கு. இந்தத் தடவை டல்லாஸில் இருக்கும் மச்சான் முந்திக்கொண்டார். மகன் கேட்டது ஆப்பிளின் எம்4 மேக்புக் ஏர்; அப்போது அமெரிக்காவில் 999 டாலர், இங்கே 99,900 ரூபாய். கேட்டதும் மனசு அமெரிக்கப் பக்கம் சாய்ந்தது உண்மைதான். ஆனால் அந்த ஊர் விலையில் வரி சேர்ந்திருக்காது, பில் போடும்போதுதான் ஏற்றுவார்கள். டல்லாஸில் 8.25 சதவீதம் சேர்த்தால் 1,081 டாலர். டாலர் அப்போதைய 86 ரூபாய் என்று வைத்தாலும் 93,000 ஆனது. இங்கே மாணவர் விலை, ஜிஎஸ்டி எல்லாம் உட்பட, 89,900-தான் இருந்தது. ஓரிகன் மாதிரி விற்பனை வரியே இல்லாத மாநிலத்தில் மச்சான் இருந்திருந்தால் கணக்கு மாறியிருக்கும். மேக்குக்கு வாரண்டிப் பிரச்சினையும் அவ்வளவு கிடையாது, எங்கே வாங்கினாலும் முதல் வருஷம் இங்கே பார்ப்பார்கள். மற்ற பிராண்டுகளில் மாடலுக்கு மாடல் மாறும், வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சலுகை வாங்குவது சும்மா இல்லை. மாணவர்தானா என்று ஆன்லைனில் சரிபார்த்த பிறகுதான் அந்த விலை. காலேஜில் மெயில் ஐடி இன்னும் கொடுக்கவில்லை, அதனால் ஐடி கார்டைப் படமெடுத்துப் போட்டோம். முதல் படம் செல்லாது என்று வந்தது. பார்த்தால், லேமினேஷனில் டியூப் லைட் பளபளத்து, அவன் படிக்கும் வருஷத்தையே மறைத்திருக்கிறது. மொட்டை மாடிக்குப் போய் நிழலில் வைத்து எடுத்ததும் ஒத்துக்கொண்டார்கள்.

ஏற்காடு டீச்சர்:

அண்ணா, உங்கள் பச்சைக் கோடு கதையைப் படித்து வயிறு கலங்கிவிட்டது. என் தம்பி சிங்கப்பூரிலிருந்து ஒன்று கொண்டுவருவதாக இருந்தான், வேண்டாம் என்று மெசேஜ் போட்டுவிட்டேன்.

என் கதை சின்னது. இந்தச் சலுகை காலேஜ் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று நினைத்து ஒரு வருஷத்தை வீணாக்கினேன். ஆப்பிளில் ஆசிரியர்களுக்கும் உண்டு, ஐந்தாம் வகுப்பு எடுக்கிற எனக்கும்கூட. வாங்கியாயிற்று. கூரியர்த் தம்பி இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அடிவாரத்துக்கு நானே இறங்கிப் போய் வாங்கி, மழைக்கு ரெயின்கோட்டைப் பெட்டிக்குப் போர்த்தி, நான் நனைந்துகொண்டே பஸ் ஏறினேன்.

அடுத்த மாதம் தீபாவளித் தள்ளுபடியில் அதே மாடல் டீச்சர் விலையைவிடக் குறைவாக வந்தது. வாங்கிய பிறகு எதற்கு விலை பார்க்கிறாய் என்று வீட்டுக்காரர் கேட்கிறார். பார்க்காமல் இருக்க முடிகிறதா, சொல்லுங்கள்.