பிரித்தானிய விருந்தினர் பேச்சில் வரும் குடிவெறிச் சொற்கள்

கேள்வி (உப்புவெளி வாசகர்):
நான் உப்புவெளியில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் பணிபுரிகிறேன். இங்கிலாந்திலிருந்து வருபவர்கள், முதல்நாள் இரவு குடித்ததைப் பற்றிப் பேசும்போது ஹேமர்ட், பிளாஸ்டர்ட், பிஸ்ட் என்று ஆளுக்கொரு சொல்லைச் சொல்கிறார்கள். தம் நண்பர் 'பரலிட்டிக்' ஆகிவிட்டார் என்று ஒருவர் சொன்னதைப் பக்கவாதம் என்று எண்ணி, எங்கள் மேலாளர் அம்புலன்ஸை அழைக்கவே புறப்பட்டார். இவற்றில் எது இலேசான வெறி, எது நிதானமிழந்த நிலை, எதை நாங்கள் வாயில் எடுக்கக் கூடாது?

பதில் (ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்):
தம்பி, 'டிப்சி', 'மெரி' என்பன இலேசானவை. பெரியவர்கள் முன்னிலையிலும் சொல்லலாம். ஹேமர்ட், பிளாஸ்டர்ட் என்றால் நல்ல வெறி. கால் நிற்காத நிலைக்கு 'லெக்லெஸ்', அதற்கும் மேலே உங்கள் மேலாளரைப் பதறவைத்த 'பரலிட்டிக்'. 'பிஸ்ட்' கொச்சையான சொல், பணியிடத்தில் வேண்டாம். அமெரிக்கர் அதைக் கோபத்துக்கே சொல்வார்கள். ஆங்கிலேயரும் பின்னால் 'ஓஃப்' சேர்த்தால் கோபத்தையே குறிக்கிறார்கள்.

பதில் (துறைமுக வீதி):
1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளம் இருந்த நம் திருகோணமலையில் கடலோடிகளின் சொற்களை விட்டுவிட முடியாது. மாலுமிகளுக்கு வழங்கும் ரம்மில் தண்ணீர் கலக்கும்படி 1740இல் அட்மிரல் எட்வர்ட் வெர்னன் கட்டளையிட்டார். 'குரோகிராம்' என்னும் முரட்டுத் துணியில் தைத்த மேலங்கி அணிந்ததால் அவருக்கு வந்த பட்டப்பெயர் 'ஓல்ட் குரோக்' என்றும், அதுவே அந்தக் கலவைக்கும் பெயராயிற்று என்றும் சொல்வார்கள். அதிலிருந்து பிறந்த 'குரோகி' முன்பு வெறியைக் குறித்தது. இன்று தூக்கக் கலக்கத்தையும் உடற்சோர்வையும் குறிக்கிறது. ஆகவே காலையில் ஒருவர் தாம் குரோகியாக இருப்பதாகச் சொன்னால் குடித்திருக்கிறார் என்று முடிவுகட்ட வேண்டாம். 'த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்' என்பதும் முழு வெறிதான். அதில் ஷீட் என்பது பாயன்று, பாயை இழுத்துக் கட்டும் கயிறு. கயிறுகள் அவிழ்ந்தால் கப்பல் எப்படித் தள்ளாடும் என்பது நம்மூரில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பதில் (மொழியியல் மாணவி):
பட்டியலை மனப்பாடம் செய்வதில் பயனில்லை, அண்ணா. எந்தப் பெயர்ச்சொல்லோடும் 'எட்' சேர்த்தால் வெறியைக் குறிக்கும் சொல் கிடைத்துவிடும் என்று மைக்கேல் மெக்கின்டயர் என்ற நகைச்சுவைக் கலைஞர் மேடையில் சொன்னதை, ஜேர்மனிய மொழியியலாளர் இருவர் ஆராய்ந்தும் இருக்கிறார்கள். 'கசீபோட்' என்று ஒருவர் சொன்னால் 'கசீபோ' என்னும் தோட்ட மண்டபத்தைத் தேடாமல், 'டோட்டலி' போன்ற அடைமொழி முன்னால் வருகிறதா, பேச்சு நேற்றைய இரவைப் பற்றியதா என்று பாருங்கள்.