பயோமெடிக்கல் படிப்பில் வேதியியல் எதிரே வந்து நின்ற தருணங்கள்

கடைசி வரிசை:
இளநிலை பயோமெடிக்கல் பொறியியலில் இரண்டாம் ஆண்டுக்குள் நுழைகிறேன். கரிம வேதியியலும் இயற்பியல் வேதியியலும் ஒரே பருவத்தில் வருகின்றன. மேல் வகுப்பில் இருப்பவர்களைக் கேட்டால், "தேர்ச்சி மதிப்பெண் வாங்கி ஒப்பேற்றிவிடு, பிறகு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதே" என்கிறார்கள். மின்சுற்றும் சிக்னல் பகுப்பாய்வும்தான் சோறு போடும் என்பது அவர்கள் கட்சி. அறிவுரை வேண்டாம், அது ஏற்கெனவே ஏராளமாகக் கிடைத்துவிட்டது. படிப்பின் நடுவே வேதியியல் உண்மையிலேயே உங்களை வழிமறித்த சம்பவம் இருந்தால் எழுதுங்கள். அப்படி ஒன்றும் நடக்காமலே பட்டம் வாங்கியவர்களும் எழுதலாம்.

வெள்ளிக்கம்பி:
என்னை மறித்தது வேதியியல் ஆய்வகத்தில் அல்ல, மருத்துவக் கருவிகள் ஆய்வகத்தில். இ.சி.ஜி. பெருக்கி ஒன்றைக் கட்டி முடித்திருந்தோம். சோதனைச் சிக்னல் கொடுத்தால் அழகாகப் பெருக்கியது. ஆசிரியர் வந்து, ஒரு கையில் வழக்கமான வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனையையும் மறு கையில் ஜெல் தடவிய அலுமினியத் தகட்டையும் ஒட்டச் சொன்னார். திரையில் கோடு நேரே மேலேறி விளிம்போடு ஒட்டிக்கொண்டது. துடிப்பின் சுவடே இல்லை. வகுப்பே மீட்டரை எடுத்துக்கொண்டு மின்தடைகளை அளக்கத் தொடங்கியது.

அவர் பலகையில் இரண்டு எண்களை மட்டும் எழுதினார். வெள்ளி–வெள்ளி குளோரைடின் திட்ட அரைமின்கல அழுத்தம் (உலோகம் கரைசலைத் தொடும் இடத்தில் தானாக எழும் மின்னழுத்தம்) +0.22 வோல்ட், அலுமினியத்துக்கு −1.66 வோல்ட். அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் இருப்பதால் தோலின் மீது இந்த வித்தியாசம் அப்படியே வராது. ஆனாலும் சில நூறு மில்லிவோல்ட் வந்துவிடும். நாம் தேடுகிற இதயச் சிக்னலோ ஒரு மில்லிவோல்ட் அளவுதான். பல நூறு மடங்கு பெருக்கும் சுற்று அந்த நிலையான அழுத்தத்தையும் சேர்த்துப் பெருக்கப் பார்த்தால், மின்கலம் தரும் வோல்ட்டுக்கு மேல் எங்கே போகும்? சுற்றில் ஒரு பிழையும் இல்லை.

அடுத்த வகுப்பில் மின்முனையை நாங்களே செய்தோம். வெள்ளிக் கம்பியை உப்புத்தாளால் தேய்த்து, உப்புக் கரைசலில் அமிழ்த்தி, மின்கலத்தின் நேர்முனையோடு இணைத்தோம். பளபளப்பு மங்கிச் சாம்பல் படிந்தது, பிறகு ஊதா கலந்த பழுப்பு. எதிர்முனைக் கம்பியிலிருந்து பொடிப் பொடியாக ஹைட்ரஜன் குமிழ்கள். இப்படிப் பூசிய இரண்டு வெள்ளிக் கம்பிகளை ஒன்றோடொன்று இணைத்து உப்புநீரில் சிறிது நேரம் விட்டுவைத்தால், அவற்றுக்கிடையே உள்ள அழுத்த வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அந்தப் பழுப்புப் படலம் குளோரைடு அயனியைக் கொடுக்கவும் வாங்கவும் தயாராக இருப்பதால்தான் நோயாளி அசைந்தாலும் அடிக்கோடு அதிகம் அலைவதில்லை. வடிகட்டிச் சுற்று போட்டுச் சரிசெய்துவிடலாம் என்று நாங்கள் நினைத்திருந்த பாதித் தொல்லைகளுக்கு மருந்து அந்தப் படலத்தில் இருந்தது.

மூன்றாவது மேசை:
முதலாண்டில் எல்லோரும் சபிக்கும் சோதனை ஒன்று உண்டு: உலோக அயனிகளைக் கவ்வும் ஈ.டி.டி.ஏ. கரைசலை வைத்து நீரின் கடினத்தன்மையைக் கண்டுபிடிப்பது. ஒயின் சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறும் கணத்துக்காகப் பியூரெட்டைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். பொறியியல் மாணவனுக்கு இது எதற்கு என்று நானும் முணுமுணுத்தவன்தான்.

பிறகு ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் பயிற்சிக்காக இருந்தேன். வேலை, பகுப்பாய்வுக் கருவிகளின் பராமரிப்பு. ஒருநாள் ஒரு மாதிரியில் பொட்டாசியம் மிக உயர்ந்தும் கால்சியம் நம்ப முடியாத அளவு குறைந்தும் வந்தது. அந்த எண்கள் உண்மையென்றால் அந்த மனிதர் அபாய நிலையில் இருக்க வேண்டும். அவரோ வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தார். கருவியைத்தான் சந்தேகிப்பார்கள் என்று நான் திருப்புளியைத் தேடினேன். அங்கிருந்த மூத்த ஆய்வக நுட்பர் கருவியின் பக்கம் திரும்பவே இல்லை. "ஊதா மூடிக் குழாயிலிருந்து இதில் கொட்டியிருக்கிறார்கள். மறுபடியும் இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்" என்றார், அவ்வளவுதான்.

ஊதா மூடிக் குழாயில் இருப்பது ஈ.டி.டி.ஏ.வின் பொட்டாசிய உப்பு. இரத்தம் உறையக் கால்சியம் வேண்டும். ஈ.டி.டி.ஏ. அதைக் கவ்விக்கொள்வதால் இரத்தம் உறையாமல் இருக்கிறது. அணுக்களை எண்ண அது நல்லது. அதே இரத்தத்தை வேதிப் பரிசோதனைக்கான குழாயில் ஊற்றினால் உப்பிலிருந்த பொட்டாசியம் கணக்கில் ஏறும், கவ்வப்பட்ட கால்சியம் கணக்கிலிருந்து காணாமல் போகும். கடின நீரில் நான் அளந்ததும் இதே கவ்வலைத்தான். மறுபடி எடுத்த மாதிரியில் இரண்டு எண்களும் இயல்பாக இருந்தன.

ஜெல் உருண்டை:
மூன்றாவது மேசை சொன்ன அதே கால்சியம் எனக்குத் திசுப் பொறியியல் ஆய்வகத்தில் வந்தது. கடற்பாசியிலிருந்து கிடைக்கும் சோடியம் ஆல்ஜினேட்டின் கரைசலைக் கால்சியம் குளோரைடில் சொட்டுச் சொட்டாக விட்டால் விழுந்த கணத்திலேயே உருண்டையாகிவிடும். ஊசிமுனை உயரத்தைக் கொஞ்சம் மாற்றினால் சிலது வாலோடு வரும், பார்க்கத் தலைப்பிரட்டை போலவே இருக்கும். உருண்டைகளைப் பாதி குழுக்கள் சாதாரண உப்புநீரிலும் பாதி குழுக்கள் பாஸ்பேட் தாங்கல் கரைசலிலும் (பிஎச்சை அதிகம் மாறாமல் காப்பது) கழுவி வைக்க வேண்டும் என்பது செய்முறை. மறுநாள் பாஸ்பேட்டில் கிடந்தவை வீங்கி, விரலால் தொட்டால் நசுங்கின. கரைசலில் லேசான வெண்கலங்கல் வேறு. பாஸ்பேட் கால்சியத்தைப் பிடுங்கிக்கொண்டால் ஆல்ஜினேட் சங்கிலிகளைக் கட்டிவைக்க ஆளில்லை. உப்புநீரில் இருந்தவையும் மெதுவாக இளகத்தான் செய்தன, சோடியம் சும்மா இருக்காது. ஆனால் உருண்டை உருண்டையாகவே இருந்தது. செல்லை உள்ளே வைத்து வளர்க்கும் ஜெல்லை எதில் கழுவுவது என்பது இவ்வளவு பெரிய விஷயம் என்று பாடப்புத்தகம் சொல்லவில்லை.

சிக்னல் கட்சி:
மாற்றுக் கருத்து ஒன்றும் இருக்கட்டும். நான் மருத்துவப் படிமங்களில் வேலை செய்கிறேன். கரிம வேதியியலில் படித்த வினைவழிமுறை ஒன்றையும் பட்டம் வாங்கிய பிறகு தொட்டதில்லை, தொடாததற்கு வருந்தியதும் இல்லை. எல்லோருக்கும் எல்லாம் வேண்டும் என்று பயமுறுத்தாதீர்கள்.

விதிவிலக்காக ஒன்று சொல்லலாம். இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு, விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் செய்தோம். 660 நானோமீட்டர் சிவப்பு ஒளி, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாததும் இந்த இரண்டையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. கரைசலின் செறிவுக்கேற்ப அது ஒளியை உறிஞ்சும் என்று வேதியியலில் படித்த பீர்–லாம்பர்ட் விதியை வைத்துச் சூத்திரம் வருவித்தால் விடை உண்மையோடு பொருந்தவில்லை. காரணம் எளிது. அந்த விதி தெளிந்த கரைசலுக்கானது. விரல் என்பது ஒளியைத் திசைக்கொரு பக்கம் சிதறடிக்கும் சதை. அதனால்தான் நிறுவனங்கள் ஆரோக்கியமான தன்னார்வலர்களின் இரத்தத்தை ஒப்பிட்டு அளந்து, அந்த அட்டவணையைக் கருவிக்குள் வைக்கின்றன. தன்னார்வலர்களின் இரத்த ஆக்சிஜன் நிறைவை ஏறக்குறைய 70 சதவீதத்துக்குக் கீழே இறக்குவதில்லை என்பதால், அதற்குக் கீழே கருவி காட்டும் எண்ணை அந்த அளவுக்கு நம்பக் கூடாது. ஆக, விதியைப் படித்ததன் பயன், அது எங்கே செல்லாது என்று தெரிந்ததுதான்.

நள்ளிரவு ஆய்வகம்:
சிக்னல் கட்சிக்காரரின் துறையில் அது சரி. உயிர்ப்பொருட்கள் பக்கம் வருபவர் அப்படித் தப்ப முடியாது. எங்கள் செய்முறைத் தேர்வில் மேசை மேல் நான்கு புட்டிகள் இருந்தன: எம்.ஈ.எஸ்., பாஸ்பேட், டிரிஸ், கிளைசின். கார்பாக்சில் தொகுதிகள் உள்ள ஒரு பரப்பில் புரதத்தை ஈ.டி.சி. என்ற பிணைப்பு வினைப்பொருள் கொண்டு பிணைக்க வேண்டும், எந்தப் புட்டியை எடுப்பீர்கள், ஏன் என்பதுதான் கேள்வி. நான்கும் தாங்கல் கரைசல்தான். பிஎச் சரியாக இருந்தால் போதும் என்று எண்ணுபவர் எதையும் எடுத்துவிடுவார்.

ஈ.டி.சி. செய்வது, கார்பாக்சிலைத் தூண்டி, அமீன் வந்து தாக்கத் தோதாக வைப்பது. புரதத்தின் லைசினில் அமீன் இருக்கிறது. டிரிஸிலும் கிளைசினிலும் இருக்கிறது, அதுவும் கணக்கில்லாமல். புரதம் வந்து சேர்வதற்குள் அந்தக் குட்டி மூலக்கூறுகள் எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டுவிடும். எனவே தூண்டும் கட்டத்துக்குச் சற்று அமிலத்தன்மையில் எம்.ஈ.எஸ்., புரதம் சேர்க்கும் கட்டத்துக்கு நடுநிலையை ஒட்டிய பாஸ்பேட். கிளைசினுக்கும் டிரிஸுக்கும் வேலை இல்லையா என்றால், கடைசியில் உண்டு. மிஞ்சிய தூண்டப்பட்ட இடங்களை அடைக்க அவற்றைத்தான் ஊற்றுவார்கள். கருக்கவர் பொருள் (அமீனைப் போல எலக்ட்ரான் இணையைக் கொடுத்துத் தாக்குவது) என்ற ஒரே கருத்தைப் புரிந்துகொண்டவருக்கு நான்கு புட்டியும் தாமாகவே வரிசையில் நின்றன.

டிரிஸ் பற்றி இன்னொரு வார்த்தை. 25 டிகிரியில் அதை பிஎச் 8.0 என்று சரிசெய்து 37 டிகிரி அடைகாப்புப் பெட்டியில் வைத்தால் ஏறக்குறைய 7.7 ஆகிவிடும். பாஸ்பேட் அவ்வளவு அலைவதில்லை. புட்டியில் ஒட்டிய சீட்டை நம்புபவர்கள் இதை ஒருமுறை அளந்து பார்க்கட்டும்.

தையல் நூல்:
சுருக்கமாக என்னுடையது. உடலில் கரையும் தையல் நூல்களில் ஒன்று பாலிகிளைக்காலிக் அமிலம். அதைக் கரைப்பது கரிம வேதியியலில் வந்த எஸ்டர் நீராற்பகுப்புதான் (நீர் எஸ்டர் பிணைப்பை உடைப்பது), வேறொன்றும் இல்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த பி.எல்.ஜி.ஏ. என்ற பாலிமரில் தடித்த துண்டு மெல்லியதைவிட மெதுவாகக் கரையும் என்று எல்லோரும் ஊகித்தோம். நடந்தது நேர்மாறு. உள்ளே பிறக்கும் அமிலம் வெளியேற வழியில்லாமல் தேங்கி, நீராற்பகுப்பைத் தானே முடுக்கிவிடுகிறது. தோலைப் போல மேலே ஒரு ஓடு நிற்க, நடுவில் கூழ்.

கடைசி வரிசை:
எல்லோருக்கும் நன்றி. ஒரு கேள்வி மட்டும். எங்கள் பாடத்திட்டத்தில் மருத்துவக் கருவிகள் பாடம் முதலில், மின்வேதியியல் அதற்கு அடுத்த பருவத்தில். மின்முனை வரும்போது எதைக் கொண்டு சமாளிப்பது?

வெள்ளிக்கம்பி:
அந்த வரிசை பல இடங்களில் அப்படித்தான், யார் போட்டார்களோ. முழு மின்வேதியியலும் வேண்டாம், அயனிச் செறிவு வித்தியாசத்திலிருந்து மின்னழுத்தத்தைக் கணக்கிடும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டை மட்டும் முன்கூட்டியே படித்துவிடுங்கள். 25 டிகிரியில் பத்து மடங்கு செறிவு வித்தியாசத்துக்கு 59 மில்லிவோல்ட், உடல் வெப்பத்தில் 61.5. செல்லுக்குள் பொட்டாசியம் லிட்டருக்கு 140, வெளியே 4 மில்லிமோல் என்று வைத்துக் கணக்கிட்டால் பொட்டாசியத்தின் சமநிலை மின்னழுத்தம் −95 மில்லிவோல்ட் வரும். உடலியங்கியல் தேர்வில் அது கேள்வி. கருவிகள் தேர்வில் அதே 59 பிஎச் மீட்டரின் சாய்வாக வரும், வாய்மொழித் தேர்வில் "மீட்டரை ஏன் 37 டிகிரிக்கு மாற்றியமைக்க வேண்டும்?" என்று வரும். அந்த பிஎச் மின்முனையின் கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே இருப்பதும் பெரும்பாலும் பழுப்பேறிய வெள்ளிக் கம்பிதான்.