அட்வான்ஸ் பாக்கி, வக்கீல் இல்லை: புதுப்பிப்பு

திருப்பரங்குன்றத்தில் இட்லிக் கடை போடும் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பழைய வீட்டு ஓனர் அட்வான்ஸைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பது பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். வக்கீல் வைக்க வசதியில்லை, ஆன்லைனில் வழி உண்டா என்று கேட்டதற்கு இலவசச் சட்ட உதவி எண்ணான 15100-க்கு அழைக்கச் சொன்னீர்கள். அழைத்தோம்.

வருமானச் சான்றிதழ் வாங்க அக்கா தாலுகா ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அது தேவையே இல்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமலேயே இலவச வக்கீல் உண்டு. ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியாது என்பதுதான் எரிச்சல்.

நால்சா (தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு) தளத்தில் என் போனிலேயே விண்ணப்பம் போட்டோம். வாடகைப் பத்திரத்தில் ஓனர் கையெழுத்துக்கு மேலேயே சாம்பார் கறை! வெயிலில் சாய்த்துப் பிடித்து ஃபோட்டோ எடுத்த பிறகுதான் தெளிவாக வந்தது. ஒதுக்கப்பட்ட வக்கீலம்மா போனில் பொறுமையாகப் பேசினார். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாதீர்கள், பேங்க் ஸ்டேட்மென்ட்டும் எடுத்து வையுங்கள் என்றார்.

வழக்குக்கு முன்பே சமரசம் பேச லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) மனு கொடுத்தாச்சு, கட்டணம் கிடையாது. ஓனருக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. அங்கே உடன்பாடு ஆனால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அதனால் தொகையைக் குறைத்துப் பேசினால் சட்டென்று கையெழுத்துப் போடாதீங்க என்று அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஓனர் வராவிட்டால் கோர்ட்தான். சரி, அதற்கும் இதே இலவச உதவி கேட்கலாம்.