பனிமூட்டத்தில் காட்டெருமை: செயற்கைப் படங்களை இன்னும் கூட்ட வேண்டுமா?

கோத்தகிரிக்காரன்:
கோத்தகிரிக்குக் கீழே எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. காலையில் கொழுந்து பறிக்க இறங்கும்போது, செடிகளுக்கு நடுவே காட்டெருமை நிற்பது கிட்டே போகும்வரை தெரிவதில்லை. போன மாதம் அம்மா பத்தடி தூரத்தில் போய் நின்றுவிட்டார். அதற்குப் பிறகுதான் தோட்டத்து ஓரம் கேமரா வைத்து, மாடு தெரிந்தால் போன் அடிக்கிற மாதிரி செய்ய உட்கார்ந்தேன்.

கையில் நிஜப் படங்கள் 140தான். அதனால் பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் மாடு செய்து 6,000 படங்கள் உருவாக்கி, படத்தில் பொருள்களைக் கண்டுபிடிக்கும் யோலோ என்ற ஏஐ மாடலுக்குப் பயிற்சி கொடுத்தேன். மாடு எங்கே நிற்கிறது என்று மென்பொருளுக்கே தெரிவதால், மாட்டைச் சுற்றிக் கையால் கட்டம் போட்டுக் காட்டும் வேலை மிச்சம். செயற்கைப் படங்களில் அருமையாகக் கண்டுபிடிக்கிறது. நிஜக் கேமராவில் வெயிலடித்தால் சுமார். மூட்டம் இறங்கினால் ஒன்றுமில்லை. படங்களைக் கூட்டவா?

பெருமாள்மலை:
கூட்டாதீர்கள் தம்பி. உங்கள் மாட்டுக்கு நான்கு காலும் தெரிகிறதா? காட்டெருமைக்கு முழங்காலுக்குக் கீழே வெள்ளை. மாடல் அந்த வெள்ளையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். தேயிலைக்குள் நின்றால் கால் எங்கே தெரியும்? முதுகும் கொம்பும்தான். செடிகளுக்குப் பின்னால் நிறுத்துங்கள். கட்டமும் தெரிகிற பகுதிக்கு மட்டும் இருக்கட்டும்.

அப்புறம் பனி. படம் முழுக்க ஒரே சீராக வெள்ளை பூசினால் அது பனி ஆகாது. தூரம் கூடக் கூடப் பொருளிலிருந்து வரும் ஒளி அடுக்குக்குறி விகிதத்தில், அதாவது ஒவ்வொரு மீட்டருக்கும் மீதியில் ஒரே பங்கு குறைந்து, தேயும். பிளெண்டரில் ஒவ்வொரு பிக்சலுக்கும் தூரம் துல்லியமாகக் கிடைக்கும், அதை வைத்துச் சேருங்கள். சிட்டிஸ்கேப்ஸ் என்ற தெருப் படத் தொகுப்பிலும் தூரத்தை வைத்துத்தான் செயற்கை மூடுபனி சேர்த்தார்கள்.

கேத்தி:
அக்கா சொன்னதோடு இன்னொன்று. ஒளி, நிறம், கோணம், பின்னணி எல்லாவற்றையும் தாறுமாறாக மாற்றுங்கள். அப்படிப் பழகினால் நிஜ உலகமும் மாடலுக்கு இன்னொரு மாறுபாடாகவே தெரியும் என்று 2017இல் டோபின் என்ற ஆய்வாளரின் குழுவினர் காட்டினார்கள். நிஜப் படங்களில் பாதியைச் சோதனைக்கென்று ஒதுக்குங்கள், அதையும் நாள் வாரியாகப் பிரியுங்கள். ஒரே காலையில் எடுத்த படங்கள் பயிற்சி, சோதனை இரண்டு பக்கமும் போனால் மதிப்பெண் பொய் சொல்லும்.

கோத்தகிரிக்காரன்:
பார்த்தேன் அக்கா, 6,000இலும் நான்கு கால்! செடிக்குள் நிறுத்தி, தூரத்தை வைத்துப் பனி சேர்த்து, மறுபடி ஓட்டினேன். ஒதுக்கிய 22 மூட்டப் படங்களில் முன்பு 3இல் கண்டுபிடித்தது, இப்போது 15இல். விட்டுப்போன 7இல் 5 படுத்திருக்கும் மாடுகள். படுத்த மாடு ஒன்றுகூட நான் செய்யவில்லை. இன்று ராத்திரி அந்த வேலைதான். அது முடியும்வரை அம்மாவுக்கு முன்னால் நான் தோட்டத்தில் இறங்குகிறேன்.